அச்சிட்டுப் பார்த்தால் சரி, இல்லாவிட்டால் 33ஆவது உறுப்பினரிலிருந்து தவறு: க்ளோஜரின் லேசி சீக்வென்ஸ் பற்றி ஒரு கேள்வி

கேள்வி (கொழிஞ்சாம்பாறையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையை அடுத்த ஒரு சிற்றூரின் பால் சங்கத்துக்குக் கணக்கு நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்துப் பராமரித்து வருகிறேன். பகலில் கோவையில் வேலை. அங்கே க்ளோஜர் என்னும் நிரல்மொழியில் எழுதுவதால் சங்கத்து நிரலையும் அதிலேயே எழுதினேன். காலையும் மாலையும் ஒவ்வோர் உறுப்பினரின் பாலையும் அளந்து, லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்கிறார்கள். விலைப் பட்டியலைப் பார்த்து அவற்றுக்குரிய தொகையைக் கணக்கிட்டு, பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடாவின்போது தமிழிலும் மலையாளத்திலும் சீட்டு அச்சடித்துக் கொடுப்பது நிரலின் வேலை. இரண்டு வாரமாக அது ஒரு தவறு செய்கிறது. எவ்வளவோ பார்த்தும் காரணம் பிடிபடவில்லை.

அண்மையில் விலைப் பட்டியல் மாறியது. பழைய பட்டியல், தற்காலிகமாக வேறு மதிப்பு கொடுக்கக்கூடிய ஒரு டைனமிக் வேரியபிளின் அடிப்படை மதிப்பாக இருந்தது. தொகை கணக்கிடும் ஃபங்ஷன்கள் எல்லாம் அதைத்தான் பார்க்கின்றன. அவற்றைத் தொடாமல் இருக்கலாம் என்று எண்ணி, ‘பைண்டிங்’ கொண்டு புதிய பட்டியலை அந்த இடத்தில் வைத்து, அதற்குள் உறுப்பினர்களை வரிசையாக அடுக்கிய வெக்டரின் மேல், ஒவ்வொருவருக்கும் ஒரே ஃபங்ஷனைப் பொருத்தும் ‘மேப்’ ஓட்டினேன். கிடைக்கும் வரிசை காலியாக இருந்தால் ‘வரவு இல்லை’ என்று குறிப்பதற்கு அங்கேயே ஒரு சரிபார்ப்பும் உண்டு. பிறகு அந்த வரிசையை வெளியே அனுப்பி, வேறொரு ஃபங்ஷனில் சீட்டு அச்சடிக்கிறேன். 10 உறுப்பினர்களை வைத்துச் சோதித்தபோது எல்லாருடைய மொத்தத் தொகையும் சரியாக வந்தது.

சங்கத்தில் 87 உறுப்பினர்கள். பட்டுவாடா அன்று, வரிசையில் 33ஆவதாக இருக்கும் வயதான அம்மா ஒருவர், தம் சீட்டையும் 31ஆவதாக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டையும் மேசைமேல் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் காட்டினார். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே லிட்டர், கொழுப்பும் ஒன்றே. ஆனால் அவருடைய தொகை குறைவு. எடுத்துப் பார்த்தால், முதல் 32 பேருக்குப் புதிய விலையும், 33 முதல் 87 வரையிலான எல்லாருக்கும் பழைய விலையும் விழுந்திருந்தன.

அந்த அம்மாவின் பெயர் மலையாள எழுத்தில் பதிவாகியிருந்ததால், முதலில் எழுத்துரு சார்ந்த கோளாறோ என்று ஐயுற்றேன். அவருடைய பதிவை நீக்கிவிட்டு ஓட்டினேன். அவருக்கு அடுத்தவர் 33ஆவது இடத்துக்கு வந்தார், அவருக்குத் தவறான தொகை வந்தது. ஆகவே கோளாறு ஆளைச் சார்ந்து இல்லை, இடத்தைச் சார்ந்து இருக்கிறது என்பது வரை தெரிந்தது. அடுத்து, பைண்டிங்குக்கு உள்ளேயே முழு வரிசையையும் ‘பிரிண்ட்லைன்’ கொண்டு திரையில் அச்சிட்டுப் பார்த்தேன். 87 பேருக்கும் சரியாக வந்தது, சீட்டிலும் சரியாக வந்தது. அந்த ஒரு வரியை நீக்கினால் மீண்டும் 33 முதல் தவறு. வெறுமனே பார்ப்பதற்காக எழுதிய ஒரு வரி, கணக்கையே எப்படி மாற்ற முடியும்?

இதனோடு தொடர்புடையதா என்று தெரியாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அளவைக் கருவி எழுதும் பழைய ஃபைல்களை ‘வித்-ஓப்பன்’ கொண்டு திறந்து, ‘லைன்-சீக்’ வழியாக வரி வரியாகப் பிரித்துத் திருப்பி அனுப்பும் ஃபங்ஷன் ஒன்று உண்டு. அதைப் பயன்படுத்தும்போது முதல் வரி மட்டும் சரியாக வந்து, இரண்டாவது வரியில் ஸ்ட்ரீம் மூடப்பட்டுவிட்டது என்ற பிழைச் செய்தியோடு நின்றுவிடுகிறது. அங்கே 32, இங்கே 1. இரண்டும் ஒரே நோயா, வெவ்வேறா? அடுத்த பட்டுவாடாவுக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.


பதில் (வாளையாற்றிலிருந்து)

நண்பரே, இரண்டும் ஒரே நோய்தான். பதிவை நீக்கிப் பார்த்து, தவறு இடத்தைச் சார்ந்தது என்று நீங்கள் கண்டுகொண்டதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

க்ளோஜரில் ‘மேப்’ எந்தத் தொகையையும் உடனே கணக்கிடுவதில்லை. ‘இந்த வெக்டரின் மேல் இந்த ஃபங்ஷனை ஓட்ட வேண்டும்’ என்று குறித்து வைத்துக்கொண்டு, ஒரு லேசி சீக்வென்ஸைத் திருப்பித் தருகிறது. யாராவது உள்ளிருக்கும் மதிப்பைக் கேட்கும்போதுதான் கணக்கு நடக்கிறது. ஒருமுறை கணக்கிட்ட மதிப்பு அதிலேயே பதிந்துவிடுவதால் மறுமுறை கேட்டால் மீண்டும் கணக்கிடாது. உங்கள் சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். சுவரில் விலைப் பட்டியல் தொங்குகிறது. எழுத்தர் பாலின் அளவுகளை மட்டும் குறித்து வைத்துவிட்டு, சீட்டு கேட்கும்போது சுவரைப் பார்த்துத் தொகை போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார். பைண்டிங் என்பது, அந்தச் சுவரில் புதிய பட்டியலைச் சற்று நேரம் தொங்கவிட்டு, வேலை முடிந்ததும் கழற்றி, பழையதையே மீண்டும் மாட்டுவது. நீங்கள் சீட்டு கேட்கும் வேளையில் சுவரில் தொங்குவது பழைய பட்டியல்.

அப்படியென்றால் 87 பேருக்கும் அல்லவா பழைய விலை விழ வேண்டும் என்று கேட்பீர்கள். முதல் 32 பேரைக் காப்பாற்றியது, காலியா இல்லையா என்று பார்ப்பதற்கு நீங்கள் பைண்டிங்குக்குள் எழுதிய சரிபார்ப்பு. வரிசை காலியா என்று அறிய, அதன் முதல் உறுப்பையாவது கணக்கிட்டாக வேண்டும். ஆனால் மூல வரிசை வெக்டராக இருந்தால் மேப் ஒன்றோடு நிற்பதில்லை. க்ளோஜரின் வெக்டர் உள்ளே ஒரு மரம் போல அமைந்தது. அதன் ஒவ்வோர் இலையிலும் 32 இடங்கள் உண்டு. 1.1 பதிப்பிலிருந்து, வேகத்துக்காக, மேப் ஓர் இலையை முழுவதுமாக எடுத்து 32 உறுப்புகளையும் ஒரே மூச்சில் கணக்கிட்டுவிடுகிறது. இதைச் ‘சங்க்’ என்று சொல்வார்கள். பேரேட்டில் பக்கத்துக்கு 32 வரிகள் என்று வையுங்கள்: ஒரு சீட்டு கேட்டாலும் எழுத்தர் அந்தப் பக்கம் முழுவதற்கும் தொகை போட்டுவிட்டுத்தான் நிமிர்வார். உங்கள் சரிபார்ப்பு நடந்தபோது சுவரில் புதிய பட்டியல் இருந்தது, அதனால் முதல் பக்கம் சரியாக விழுந்தது. இரண்டாம் பக்கத்தை யாரும் கேட்பதற்குள் பட்டியல் மாறிவிட்டது. 10 பேரை வைத்துச் செய்த சோதனை தேறியதற்கும் இதுவே காரணம். அந்தப் பத்துப் பேரும் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டார்கள்.

அச்சிட்டால் சரியாவதும் இதிலிருந்து விளங்கும். முழு வரிசையையும் திரையில் காட்ட வேண்டுமென்றால் எல்லா உறுப்புகளையும் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கு பைண்டிங்குக்கு உள்ளேயே நடந்து, மதிப்புகளும் பதிந்துவிட்டன. வெளியே சீட்டு அடிக்கும் ஃபங்ஷனுக்கு, முன்பே போட்டு வைத்த தொகைகள்தான் கிடைத்தன. என் அனுபவத்தில், இத்தகைய பிழைகளைத் தேடும்போது அச்சிட்டுப் பார்க்கும் பழக்கமே நம்மை வழி தவறச் செய்கிறது. ரெப்பளில், அதாவது எழுதும் ஒவ்வொரு வரிக்கும் உடனே விடை காட்டும் திரையில், ஓட்டிப் பார்த்தாலும் அப்படித்தான். ரெப்பள் விடையைக் காட்டுவதற்காக முழு வரிசையையும் கணக்கிடச் செய்துவிடுவதால், அங்கே ஓடுகிற நிரல் சங்கத்துக் கணினியில் ஓடாமல் போவதுண்டு.

ஃபைலுக்கு வருவோம். லைன்-சீக்கை அழைத்தவுடன் அது முதல் வரியைப் படித்துவிடும், மீதியைக் கேட்கும்போது படிக்கும். அது வெக்டரிலிருந்து வருவது அன்று, ஆகவே பக்கக் கணக்கும் அதற்குக் கிடையாது. ஒவ்வொரு வரியாகத்தான் வரும். உங்கள் ஃபங்ஷன் முடியும்போது வித்-ஓப்பன் ஃபைலை மூடிவிடுகிறது. கையில் இருந்த முதல் வரி நல்லபடியாக வெளியே வந்தது, இரண்டாவது வரியைக் கேட்டபோது படிக்க ஃபைல் திறந்திருக்கவில்லை.

இதில் உங்களுக்குப் பிழைச் செய்தியாவது கிடைத்தது. விலைப் பட்டியலில் அதுகூடக் கிடைக்கவில்லை என்பதால் அதைத்தான் நான் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன். பிழையைப் பிடிப்பதற்காக ‘ட்ரை’, ‘கேட்ச்’ எழுதும் இடத்திலும் இதே சிக்கல் உண்டு. மேப்பைச் சுற்றி ட்ரை போட்டால், கணக்கு நடக்கும் நேரத்தில் நிரல் அந்த ட்ரையைத் தாண்டி எங்கோ போயிருக்கும். பிழை அங்கே வெடிக்கும், நீங்கள் எழுதிய கேட்ச் அதைக் காணாது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: பைண்டிங்குக்கு உள்ளே மேப்பைச் சுற்றி ‘டூஆல்’ போடுங்கள் (அது வரிசை முழுவதையும் அங்கேயே கணக்கிட வைக்கும்), அல்லது மேப்புக்குப் பதிலாக ‘மேப்-வி’ எழுதுங்கள். மேப்-வி உடனே கணக்கிட்டு வெக்டராகத் தரும். ஃபைல் படிக்கும் ஃபங்ஷனிலும் வித்-ஓப்பன் முடிவதற்குள் அதையே செய்யுங்கள்.


கேள்வி கேட்டவர் (கொழிஞ்சாம்பாறையிலிருந்து)

ஐயா, மிக்க நன்றி. சுவரில் தொங்கும் பட்டியலை வைத்துச் சொன்னதால் முழுவதும் விளங்கியது. நேற்று இரவே டூஆல் போட்டேன். ஃபைல் பிழை உடனே நின்றுவிட்டது. 33ஆவது உறுப்பினரின் மொத்தத் தொகையும் இப்போது சரியாக வருகிறது.

ஆனால் ஒரு குறை எஞ்சியிருக்கிறது. சீட்டின் கீழ்ப்பகுதியில், அந்தப் பத்து நாளில் காலைக்கும் மாலைக்குமாக 20 வரிகளில் தனித்தனித் தொகை அச்சாகும். அந்த 20 வரிகளிலும், எல்லா உறுப்பினர்களுக்கும், இன்னமும் பழைய விலைதான் விழுகிறது. மேலே உள்ள மொத்தமும் கீழே உள்ள வரிகளின் கூட்டலும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வோர் உறுப்பினருக்கும் மேப்பிலிருந்து எண், பெயர், மொத்தம், வரிகள் ஆகிய நான்கும் கொண்ட ஒரு பதிவு வருகிறது. மொத்தத்தை ‘ரெட்யூஸ்’ கொண்டு கூட்டுகிறேன், வரிகளை உள்ளே இன்னொரு மேப் தருகிறது. வெளியே டூஆல் இருந்தும் இப்படி ஏன் நடக்கிறது?


பதில் (நகரியிலிருந்து)

வணக்கம். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: உள்ளே இன்னொரு மேப் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டூஆல் தன் கையில் உள்ள வரிசையை மட்டும்தான் முழுவதும் நடந்து முடிக்கும். அந்த வரிசையின் ஒவ்வோர் உறுப்புக்குள்ளும் வேறொரு லேசி சீக்வென்ஸ் இருந்தால் அதைத் தொடாது. 87 பதிவுகளும் உருவாகிவிட்டன. மொத்தத்தை ரெட்யூஸ் கூட்டியதால் அது அப்போதே, புதிய விலையில் முடிந்துவிட்டது. 20 வரிகளோ இன்னும் கணக்கிடப்படாமல் பதிவுக்குள் காத்திருக்கின்றன. அச்சடிக்கும் ஃபங்ஷன் அவற்றைக் கேட்கும்போது பைண்டிங் முடிந்து போயிருக்கிறது. நீங்கள் முன்பு பிரிண்ட்லைன் எழுதியபோது இந்தக் குறை தெரியாமல் போனதற்குக் காரணம், அச்சிடுவது எத்தனை அடுக்கு இருந்தாலும் அடி வரை போய்விடும் என்பதுதான். உள்ளே இருக்கும் மேப்பையும் மேப்-வி ஆக்கினால் இன்றைக்குச் சரியாகிவிடும்.

இருந்தாலும், வாளையாற்று நண்பரின் வைத்தியத்தோடு நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர், அல்லது நீங்களே, மூன்றாவது அடுக்கில் ஒரு ‘ஃபில்டர்’ எழுதுவீர்கள். மறுபடியும் பழைய விலை சத்தமில்லாமல் உள்ளே வரும். ஒவ்வோர் அடுக்கிலும் டூஆல் போட்டிருக்கிறதா என்று நினைவு வைத்துக்கொண்டே வாழ முடியாது. விலைப் பட்டியலைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, தொகை கணக்கிடும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அதை ஓர் ஆர்கியுமென்ட்டாகக் கையில் கொடுத்துவிடுங்கள். அப்போது மேப் இன்று கணக்கிட்டாலும், நாளை கணக்கிட்டாலும், 32 பேருக்குக் கணக்கிட்டாலும், ஒருவருக்குக் கணக்கிட்டாலும் தொகை ஒன்றாகவே இருக்கும். லேசி சீக்வென்ஸ் ‘எப்போது’ என்பதை நம் கையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. விடை நேரத்தைச் சாராமல் இருக்கும்வரை அதனால் ஒரு தீங்கும் இல்லை. ஃபங்ஷன்களை மாற்ற நேரமே இல்லையென்றால், ‘பவுண்ட்-எஃப்என்’ என்று ஒன்று உண்டு. அது உருவாகும் நேரத்தில் இருந்த பைண்டிங்கைத் தன்னோடு எடுத்துச் செல்லும். அதை மேப்புக்குக் கொடுக்கலாம். ஆனால் நான் அதை நிரந்தரத் தீர்வாகக் கொள்ள மாட்டேன்.

இது க்ளோஜருக்கு மட்டும் உரிய கோளாறு என்று எண்ண வேண்டாம். எங்கள் ஊரில் விசைத்தறிகள் அதிகம். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு தறிக்கூடத்துக்குக் கூலிக் கணக்கு நிரலைப் பைத்தான் 2இலிருந்து 3க்கு மாற்றிக் கொடுத்தேன். பைத்தான் 2இல் மேப் ஒரு லிஸ்டைத் தரும். 3இல் கேட்கும்போது மட்டும் மதிப்பைத் தரும் ஓர் இட்டரேட்டரைத் தரும். அதற்குக் க்ளோஜரைப் போன்ற நினைவும் கிடையாது. ஒருமுறை கடைசி வரை போய்விட்டால் தீர்ந்தது. என் நிரல் முதலில் அந்த வாரத்து மொத்தக் கூலியைக் கூட்டியது, பிறகு அதே வரிசையில் நடந்து ஒவ்வொரு நெசவாளருக்கும் சீட்டு எழுதியது. சனிக்கிழமை மாலை மொத்தத் தொகை சரியாக வந்தது, சீட்டு ஒன்றுகூட வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. தீர்ந்துபோன வரிசையின் மேல் நடப்பதைப் பைத்தான் தவறாகக் கருதுவதில்லை. கூலிக்காகத் திண்ணையில் காத்திருந்தவர்களை உள்ளே அழைத்து, பாவுக் கணக்கு நோட்டைப் பார்த்துக் கையால் எழுதிக் கொடுத்தோம். அந்த மாலை இன்னும் என் கண்முன் நிற்கிறது. மேப்பைச் சுற்றி ‘லிஸ்ட்’ என்று எழுதியதும் சரியாகிவிட்டது.

ஜாவாவிலும், 2014இல் வந்த 8ஆம் பதிப்பு முதல் உள்ள ஸ்ட்ரீம்கள் லேசிதான். ஆனால் அங்கே ஒரே ஸ்ட்ரீமை இரண்டாம் முறை பயன்படுத்தினால் பிழையை எழுப்பி நிறுத்திவிடும். அந்தக் கண்டிப்பு பைத்தானிலும் இருந்திருந்தால் அன்று காலையிலேயே எனக்குத் தெரிந்திருக்கும்.


பதில் (ஆரியங்காவிலிருந்து)

நண்பர்கள் இருவரும் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஒன்றிரண்டு சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. நான் பல ஆண்டுகளாக ஹாஸ்கெல் எழுதுகிறேன். க்ளோஜரில் சில வரிசைகள் மட்டும் லேசி. ஹாஸ்கெலில் மொழியே அப்படி. ஆகவே இந்தக் குழியில் நாங்கள் முன்பே விழுந்து எழுந்திருக்கிறோம்.

‘ரீட்-ஃபைல்’ கொண்டு ஒரு ஃபைலைப் படித்து, சற்றுத் திருத்தி, ‘ரைட்-ஃபைல்’ கொண்டு அதே பெயரில் எழுத முயன்றால், ஃபைல் பூட்டப்பட்டிருக்கிறது என்று நிரல் நின்றுவிடும். படித்து முடித்துவிட்டதாக நாம் எண்ணியிருப்போம். உண்மையில் அது இன்னும் படிக்கத் தொடங்கியே இருக்காது, எழுதுவதற்காகத் திறக்கும் வேளையிலும் படிப்பதற்கான கதவு திறந்தே இருக்கும். இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. மூடிய ஃபைலிலிருந்து மிச்சத்தைக் கேட்டால், பழைய பதிப்புகளில் பிழை எதுவும் எழாமல் எழுத்துத் தொடர் அத்தோடு முடிந்துவிட்டதாகவே காட்டும். அரை ஃபைலை முழு ஃபைல் என்று நம்பிக்கொண்டிருப்போம். இப்போதைய பதிப்புகள் பிழையை எழுப்புகின்றன. கொழிஞ்சாம்பாறை நண்பருக்கு இரண்டாவது வரியிலேயே செய்தி கிடைத்ததை ஒரு நன்மையாகவே எண்ணுகிறேன்.

அடுத்தது நினைவகம். நீங்கள் பழைய ஃபைல்களைப் படிப்பதாகச் சொன்னதால் எழுதுகிறேன். க்ளோஜரில் ஒரு நீண்ட லேசி சீக்வென்ஸுக்குப் பெயரிட்டு, அதைக் கொண்டு முதலில் கூட்டுத்தொகையும் பிறகு எண்ணிக்கையும் கண்டு, சராசரிக் கொழுப்பைக் கணக்கிடுவதாக வைத்துக்கொள்வோம். கூட்டல் நடக்கும்போது, எண்ணிக்கைக்காக வரிசையின் தலைப்பகுதி தேவைப்படுவதால் அதை விட்டுவிட முடியாது. தலையைப் பிடித்திருக்கும்வரை, கணக்கிட்ட ஒவ்வோர் உறுப்பும் நினைவகத்தில் தங்கும். ஒரு மாத ஃபைலில் இது தெரியாது, பல ஆண்டு ஃபைல்களைச் சேர்த்து ஓட்டும் நாளில் நிரல் மூச்சுத் திணறும். கூட்டுத்தொகை, எண்ணிக்கை இரண்டையும் ஒரே ரெட்யூஸில் சேர்த்துக் கொண்டுபோனால், வரிகள் ஒவ்வொன்றாக வந்து போய்விடும். ஹாஸ்கெலில் இதன் உடன்பிறப்பு ‘ஃபோல்ட்-எல்’. அது கூட்டலைச் செய்யாமல், செய்ய வேண்டிய கூட்டல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். பெயருக்குப் பின்னால் ஒற்றைக் குறி இட்ட ஃபோல்ட்-எல் அவ்வப்போதே கூட்டிவிடும், ஆகவே நாங்கள் அதையே எழுதுகிறோம்.

ஃபைல்களை ‘கான்கேட்’ கொண்டு ஒன்றோடொன்று ஒட்டுகிறீர்களா என்றும் பாருங்கள். ரெட்யூஸுக்குள் கான்கேட்டை வைத்து ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒட்டினால், ஒவ்வோர் ஒட்டும் முந்தையதைச் சுற்றி ஓர் உறையாக நிற்கும். முதல் வரியைக் கேட்கும் கணத்தில் எல்லா உறைகளையும் ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டியிருப்பதால் ஸ்டாக் (முடியாத அழைப்புகளை அடுக்கி வைக்கும் நினைவகப் பகுதி) நிரம்பி வழியும். அந்த இடத்தில் ‘இன்டு’ கொண்டு ஒரு வெக்டரில் சேர்த்துவிடுவது நல்லது.

இவ்வளவு சொன்னதால் லேசி சீக்வென்ஸையே கைவிட வேண்டும் என்று பொருள் கொள்ளாதீர்கள். 1976இல் ஹென்டர்சனும் மாரிஸும் ஒரு பக்கமாகவும், ஃபிரீட்மனும் வைஸும் இன்னொரு பக்கமாகவும் இந்தக் கருத்தை முன்வைத்தபோது, தேவையற்ற கணக்கைச் செய்யாதிருப்பதும், முடிவில்லாத ஒன்றையும் கையாள முடிவதும்தான் அவர்களைக் கவர்ந்தன. உங்கள் பட்டுவாடா நாள்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொடக்க நாளைக் கொடுத்து, ‘இட்டரேட்’ கொண்டு பத்துப் பத்து நாளாகக் கூட்டிக்கொண்டே போகும் முடிவில்லாத வரிசையை ஒரே வரியில் எழுதிவிடலாம். ஓணத்துக்கு முந்தைய பட்டுவாடா எது என்று வேண்டுமென்றால், ‘டேக்-வைல்’ கொண்டு ஓணம் வரை எடுத்துக் கடைசி நாளைப் பார்த்தால் போதும். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்ற கவலை அந்த வரிசைக்குள் நுழைவதே இல்லை. அந்த அழகு எனக்கு இன்னமும் சலிக்கவில்லை.


பதில் (வாளையாற்றிலிருந்து)

நகரி நண்பர் என் பதிலைத் திருத்தியதற்கு நன்றி. உள் அடுக்கைப் பற்றி நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பட்டியலை ஆர்கியுமென்ட்டாகக் கொடுப்பதே சரியான வழி என்பதை ஏற்கிறேன்.

ஆரியங்காவு நண்பரிடம் மட்டும் ஒரு சிறு கருத்து வேறுபாடு. பணக்கணக்கு நிரலில், முடிவில்லாத நாள்வரிசை போன்ற தூய கணக்குகளைத் தவிர மற்ற இடங்களில், லேசியை நான் இப்போது தேடிப் போவதில்லை. 2015இல் வந்த க்ளோஜரின் 1.7 பதிப்பில் ட்ரான்ஸ்டியூசர்கள் கிடைத்தன. பிரித்தல், வடிகட்டல், தொகை கணக்கிடல் ஆகிய படிகளை ஒன்றாகக் கோத்து, ‘இன்டு’ வழியாக ஒரு வெக்டரில் ஊற்றினால், இடைப்பட்ட லேசி வரிசை எதுவும் உருவாகாமல், வித்-ஓப்பனுக்கு உள்ளேயே எல்லாம் நடந்து முடிந்துவிடும். ஃபைல் படிக்கும் ஃபங்ஷனை அப்படி மாற்றி எழுதும்படி கொழிஞ்சாம்பாறை நண்பருக்குச் சொல்வேன்.

இன்னொன்று. சீட்டு தயாரானதும் உறுப்பினர்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் எண்ணம் உங்களுக்கு வரும். அதை மேப்பில் எழுதிவிடாதீர்கள். விடையை யாரும் கேட்காத இடத்தில் மேப் இருந்தால் ஒருவருக்கும் செய்தி போகாது. சோதனைக்காக ‘டேக்’ கொண்டு ஐந்து பேருக்கு மட்டும் அனுப்பலாம் என்று எண்ணினால், வெக்டராக இருப்பதால் 32 பேருக்குப் போய்ச் சேரும். செய்தி அனுப்புவது, ஃபைல் எழுதுவது போன்ற செயல்களுக்கு ‘டூசீக்’ அல்லது ‘ரன்!’ இருக்கின்றன. இரண்டும் உடனே செய்யும், சொன்ன அளவுக்கு மட்டும் செய்யும்.


கேள்வி கேட்டவர் (கொழிஞ்சாம்பாறையிலிருந்து)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டைனமிக் வேரியபிளை அடியோடு நீக்கிவிட்டேன். விலைப் பட்டியல் இப்போது ஒன்பது ஃபங்ஷன்களுக்கு ஆர்கியுமென்ட்டாகப் போகிறது. எந்த நாளுக்கு எந்தப் பட்டியல் என்பதைத் தேர்ந்தெடுக்கும் வேலை ஒரே இடத்தில் நடக்கிறது. பிரிண்ட்லைனையும் டூஆலையும் எடுத்துவிட்டு ஓட்டினேன். 87 பேரின் மொத்தமும் 20 வரிகளின் கூட்டலும் ஒத்துப்போயின. ஃபைல் படிப்பதை ட்ரான்ஸ்டியூசரில் எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்று இரவு முடித்துவிடுவேன். எஸ்.எம்.எஸ். எண்ணம் உண்மையாகவே இருந்தது. மேப்பில்தான் எழுதி வைத்திருந்தேன், அதையும் டூசீக்காக மாற்றிவிட்டேன்.

சோதனையில் இருந்த 10 உறுப்பினர்களை 70 ஆக்கியிருக்கிறேன். பழைய நிரலை அந்த எழுபது பேரைக் கொண்டு ஓட்டிப் பார்த்தபோது, 33ஆவது பெயரில் சோதனை தோற்றது.

குறைவாகப் பெற்ற 55 உறுப்பினர்களுக்கும் சேர வேண்டிய நிலுவையைத் தனியாகக் கணக்கிட்டு, சங்கத்தின் செயலரிடம் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைப் பட்டுவாடாவில் அது சேர்த்துக் கொடுக்கப்படும். அந்த அம்மாவிடம் இன்று காலை பால் ஊற்றும்போதே சொல்லிவிட்டேன். பழைய சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருப்பதாகவும், அதைக் கொண்டுவந்து புதிய சீட்டோடு ஒத்துப் பார்ப்பதாகவும் சொன்னார்.